வங்கி எப்போது வந்தது?

1931 பிப்ரவரி 19 அன்று பெர்லினில் ஒரு படம் வெளியானது. அதன் இறுதியில் மூன்று பேர் ஒரே வங்கியில் பங்காளிகளாகிறார்கள். ஒருவன் லண்டன் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் மெக்ஹீத். இன்னொருவர் பீச்சம், நகரத்துப் பிச்சைக்காரர்களுக்குக் கிழிந்த உடையும் கட்டைக் காலும் வாடகைக்குக் கொடுத்து, அவர்கள் வரும்படியில் பங்கு வாங்கும் முதலாளி. மூன்றாமவர் இந்த இருவரையும் பிடித்து உள்ளே தள்ளியிருக்க வேண்டிய போலீஸ் தலைவர் டைகர் பிரவுன். படத்தின் மூலமான மேடை இசைநாடகம் இப்படி முடியவில்லை. அங்கே தூக்குமேடை தயாராக நிற்கும்போது அரசியின் தூதர் குதிரையில் வந்து சேர்கிறார். மெக்ஹீத்துக்கு மன்னிப்பு, பிரபுப் பட்டம், ஓய்வூதியம் எல்லாம் ஒரே மூச்சில் கிடைக்கின்றன.

தூதர் போய் வங்கி வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் யார்?

சினிமா வரலாறுகளில் பொதுவாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. பெர்டோல்ட் பிரெக்டும் கூர்ட் வைலும் சேர்ந்து படைத்த 'த்ரைக்ரோஷன்ஓப்பர்' என்ற மூன்று காசு இசைநாடகத்தை நீரோ ஃபிலிம் நிறுவனம் வாங்கியது. இயக்குநர் ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் அதன் கூர்மையை மழுக்கினார். பிரெக்ட் வழக்குப் போட்டுத் தோற்றார். கதை இவ்வளவுதான் என்றால் அந்த வங்கி பெரிய இடறல். தூதர் வரும் முடிவு, மேடை இசைநாடகங்களின் சம்பிரதாயத்தை நையாண்டி செய்கிறது. வங்கியில் முடியும் முடிவோ பார்வையாளர் பணம் போட்டு வைத்திருக்கும் கட்டடத்தையே சுட்டிக்காட்டுகிறது. மழுக்கியவர்கள் என்று சொல்லப்படுபவர்களிடமிருந்து மூலத்தைவிடக் கூரான முடிவு எப்படி வரும்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய ஒப்பந்தங்களிடமும் பதிப்புகளிடமும் அனுப்பியது.

முதலில் மேடையைப் பார்த்துவிடலாம். நாடகம் 1928 ஆகஸ்ட் 31 அன்று பெர்லினின் ஷிஃப்பவர்டாம் அரங்கில் அரங்கேறியது. அதன் வேர் சரியாக 200 ஆண்டு பழையது. 1728-இல் லண்டனில் ஜான் கே எழுதிய 'பிச்சைக்காரர் ஒபரா'வை 1920-இல் ஹாமர்ஸ்மித்தில் மறுபடி மேடையேற்றினார்கள். அது ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது. அந்த வெற்றிச் செய்தியைக் கவனித்து ஆங்கில மூலத்தை ஜெர்மனில் பெயர்த்தவர் எலிசபெத் ஹாப்ட்மன். பிரெக்டின் உதவியாளர், ஆங்கிலம் நன்கு அறிந்தவர். அந்த மொழிபெயர்ப்பின் மேல்தான் பிரெக்ட் எழுதினார், வைல் இசையமைத்தார். நாடகத்தைத் தொடங்கி வைக்கும் பாட்டு 'மோரிடாட்' வகையைச் சேர்ந்தது. சந்தையில் படப் பலகையைக் கோலால் தட்டிக் காட்டி, நடந்த கொலைகளைப் பாடும் வகை அது. நம் ஊர்ச் சந்தைகளில் பாடி விற்ற கொலைச்சிந்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தக் கட்டத்தின் முதல் சான்று ஒரு கணக்கு. 1928 ஏப்ரலில் ஃபெலிக்ஸ் ப்ளோஹ் எர்பென் என்ற நாடகப் பதிப்பகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் உரிமைத்தொகை மூன்றாகப் பிரிக்கப்பட்டது: பிரெக்டுக்கு 62.5 விழுக்காடு, வைலுக்கு 25, ஹாப்ட்மனுக்கு 12.5. அந்த எட்டில் ஒரு பங்கு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அடுத்த சான்று 1930 மே 21 தேதியிட்ட திரைப்பட ஒப்பந்தம். அதில் ஆசிரியர்களுக்கு ஓர் உரிமை எழுதித் தரப்பட்டிருக்கிறது. கதையைப் 'குர்பெல்ஃபெர்டிக்' நிலைக்குக் கொண்டுவரும் வேலையில் அவர்களுக்கும் முடிவெடுக்கும் பங்கு உண்டு என்கிறது அந்தப் பிரிவு. கேமராவைக் கைப்பிடி சுழற்றி ஓட்டிய மௌனப்பட நாட்களின் சொல் அது. கைப்பிடியைச் சுழற்ற வேண்டியதுதான் பாக்கி என்னும் அளவுக்கு முடிந்த திரைக்கதை என்று பொருள். அக்காலத்தில் ஒரு நாடகாசிரியருக்குப் படநிறுவனம் இப்படி எழுதிக் கொடுத்தது சாதாரணமல்ல. நாடகத்தின் பெயருக்கு அவ்வளவு சந்தை மதிப்பு இருந்தது என்றுதான் இதை வாசிக்கத் தோன்றுகிறது. படத்துக்குப் பின்னால் டோபிஸ் ஒலிப்பட நிறுவனத்தின் பணமும் அமெரிக்க வார்னர் நிறுவனத்தின் பணமும் இருந்தன. டப்பிங் கைவராத காலம் என்பதால் ஒரே அரங்க அமைப்பில் ஜெர்மன் நடிகர்களை வைத்து ஒரு படமும் பிரெஞ்சு நடிகர்களை வைத்து இன்னொரு படமும் எடுப்பதாக ஏற்பாடு.

அந்தக் கோடையில் பிரெக்ட் திரைக்கதைக்கு ஒரு சுருக்கம் எழுதினார். அதன் பெயர் 'டி போய்ல', அதாவது 'புடைப்பு'. மெக்ஹீத்தின் ஆட்கள் பீச்சமிடம் வேலை பார்க்கும் ஒரு பிச்சைக்காரனை அடித்துவிடுகிறார்கள். அவன் தலையில் எழுந்த புடைப்பை ஆதாரமாகக் காட்டிப் பீச்சம் போலீஸிடம் நியாயம் கேட்கிறார். கதை அங்கிருந்து வளர்கிறது. போலீஸ் தலைவருக்கு ஒரு கனவு வருகிறது. அதில் ஏழைகள் பெருங்கூட்டமாகத் திரண்டு நகரத்தை நிறைக்கிறார்கள். கடைசியில் கொள்ளையர்கள் திருட்டுக் கார்களில் வந்து இறங்கி ஒரு பழைய, கௌரவமான வங்கியின் வாசலை நோக்கி நடக்கிறார்கள். நடைபாதையில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோட்டைத் தாண்டும்போது, நம் கண்ணெதிரே தாடிக்காரத் திருடர்கள் நாகரிகமான பணச்சந்தைக் கனவான்களாக மாறிவிடுகிறார்கள்.

வங்கி இதோ இருக்கிறது. பிரெக்டின் எழுத்திலேயே இருக்கிறது. தேடல் முடிந்தது என்று தோன்றும். ஆனால் ஒரு தடை உண்டு. 'புடைப்பு' நமக்கு அச்சில் கிடைப்பது 'ஃபெர்ஸூஹெ' (முயற்சிகள்) என்ற பிரெக்டின் வெளியீட்டு வரிசையின் மூன்றாம் இதழில். அந்த இதழில் மூன்று படைப்புகள் வரிசை எண்ணுடன் உள்ளன. எட்டாவது மூன்று காசு நாடகம். ஒன்பதாவது 'புடைப்பு'. பத்தாவது 'மூன்று காசு வழக்கு' என்ற நீண்ட கட்டுரை. வழக்கு முடிந்த கதையைப் பேசும் கட்டுரை கூடவே இருப்பதால், இதழ் வழக்குக்கும் படத்துக்கும் பிந்தியது என்பதில் ஐயமில்லை. வழக்கில் தோற்ற ஒருவர் பிறகு அச்சேற்றிய ஆவணத்தை, வழக்குக்கு முன்பே அது அப்படியே இருந்தது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரெக்ட் தம் எழுத்தை ஓயாமல் திருத்துபவர். படத்தில் வங்கியைப் பார்த்த பிறகு 'புடைப்பு'க்குள் வங்கியைச் சேர்த்திருந்தால்?

எனவே வேறு சாட்சிகள் வேண்டும். நீதிமன்றம் ஒரு சாட்சி.

படப்பிடிப்பு 1930 செப்டம்பர் 19 அன்று தொடங்கியது. அதற்குள் நிறுவனத்துக்கும் பிரெக்டுக்கும் இடையே உறவு முறிந்திருந்தது. பிரெக்டும் வைலும் தொடுத்த வழக்கு பெர்லின் நீதிமன்றத்தில் அக்டோபர் 17, 20 ஆகிய நாட்களில் விசாரணைக்கு வந்தது. நவம்பர் 4 அன்று தீர்ப்பு. பத்திரிகைகள் கூட்டமாக வந்தன. பிற்காலத்தில் ஜெர்மன் சினிமாவின் வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற ஸீக்ஃப்ரீட் கிராகவுர் 'ஃப்ராங்க்ஃபுர்ட்டர் ட்ஸைடுங்' நாளிதழுக்காக இந்த வழக்கைப் பற்றி எழுதினார். அங்கே இரு தரப்பும் எதைக் கேட்டார்கள் என்று பார்க்கும்போது, பொதுக்கதை தலைகீழாகிறது. மூலத்தை விட்டு விலகாதே என்று கேட்டது படநிறுவனம். மேடையில் வென்ற பண்டத்தை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு அதே பண்டம் வேண்டும். பிரெக்ட் கொண்டுவந்த மாற்றங்களில் அரசியல் நெடி அதிகம் என்பது அவர்கள் வாதம். மாற்ற வேண்டும் என்று நின்றவர் மூலத்தின் ஆசிரியர். இரண்டு ஆண்டுக்கு முன் எழுதிய நாடகத்தை அவர் அதற்குள் தாண்டிப் போயிருந்தார். சிரித்துக் கைதட்டிப் போன நடுத்தர வர்க்கத்தினரை இந்த முறை தப்பவிடக் கூடாது என்ற முனைப்பு அவருக்கு இருந்தது.

நம் கேள்விக்கு இதன் எடை என்ன? கோடையில் பிரெக்ட் கொடுத்த சுருக்கம் மேடை நாடகத்திலிருந்து அரசியல் திசையில் வெகுதூரம் விலகியிருந்தது என்பது எதிர்த்தரப்பின் வாயாலேயே உறுதிப்படுகிறது. எதிரி ஒப்புக்கொண்ட செய்திக்கு எடை அதிகம். ஆனால் 'அரசியல்' என்பது வங்கிதான் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. பிரெக்ட் தோற்றார், தம் பங்கு வேலையை ஒப்பந்தப்படி முடித்துத் தராமல் ஒத்துழைப்பை அவரே முறித்துக்கொண்டார், ஆகவே உரிமையையும் இழந்தார் என்றது நீதிமன்றம். வைல் வென்றார், அவர் கடமை தவறியதாகச் சொல்ல இடமில்லை. பிரெக்ட் மேல்முறையீட்டைத் தொடரவில்லை. 16,000 மார்க் வாங்கிக்கொண்டு சமரசம் செய்துகொண்டார். பிறகு வழக்கையே ஒரு 'சமூகவியல் சோதனை' என்று அழைத்து அந்த நீண்ட கட்டுரையை எழுதினார். அறிவுச்சொத்தைப் பற்றிச் சட்டம் சொல்வது ஒன்று, பணம் செய்வது ஒன்று என்பதை அம்பலப்படுத்தவே நீதிமன்றம் போனதாக அதில் வாதிடுகிறார். போகும்போதே அந்த எண்ணம் இருந்ததா என்று கேட்கலாம்தான். ஆனால் கட்டுரையின் கூர்மைக்கு அதனால் குறையில்லை. சினிமா வந்தபின் 'ஆசிரியர்' என்பவரின் நிலை என்ன ஆகிறது என்பதைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்டவற்றில் இதைவிடத் தெளிவானதை நான் படித்ததில்லை.

இனிப் படத்திடம் வரலாம். திரைக்கதை என்று பெயர் போட்டிருப்பவர்கள் மூவர்: லியோ லானியா, லாடிஸ்லாவுஸ் வாய்தா, பேலா பலாஸ். மழுக்கியவர்கள் என்று பெயர் வாங்கிய இந்த மூவரின் பின்னணியைக் கவனிக்க வேண்டும். பலாஸ் ஹங்கேரியக் கம்யூனிஸ்ட். சினிமாக் கோட்பாட்டின் முன்னோடி. லானியா இடதுசாரிப் பத்திரிகையாளர், இயக்குநர் பிஸ்காட்டரின் அரசியல் மேடைக்கு நாடகம் எழுதியவர். பாப்ஸ்டின் வழக்கமான கதாசிரியர் வாய்தா மட்டுமே. பிரெக்டோடு அந்தக் கோடையில் உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுக்க அனுப்பப்பட்டவர் லானியா. ஆகவே வங்கி லானியாவின் யோசனையாக இருக்கவும் கூடும் என்ற ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது.

படத்தில் பிச்சைக்காரர்கள் ஊர்வலம் உண்மையிலேயே நடக்கிறது. மேடையில் அது பீச்சமின் மிரட்டலாக மட்டும் நிற்கும். 'புடைப்பு'வில் அது போலீஸ் தலைவரின் கனவாக வரும். படத்திலோ அரசியின் முடிசூட்டு ஊர்வலத்தை மறித்துக்கொண்டு அவர்கள் வருகிறார்கள். பீச்சமே தடுக்க ஓடியும் நிற்கவில்லை. கணவன் மெக்ஹீத் சிறையில் இருக்க, பீச்சமின் மகள் பாலி கொள்ளைக் கூட்டத்தை வங்கி நிர்வாகிகளாக மாற்றி மேசையின் தலைமாட்டில் அமர்கிறாள். கரோலா நேஹர் அந்தக் காட்சியில் நடித்திருக்கும் நிதானம் தனியே பார்க்கத்தக்கது. 1928 அரங்கேற்றத்தில் பாலியாக நடிக்க வேண்டியவரும் அவரே. கணவர் கவிஞர் க்ளாபுண்ட் தாவோஸில் மரணப்படுக்கையில் கிடந்ததால் அப்போது விலகினார். ஆக, படத்தில் 'புடைப்பு'வின் கனவும் இல்லை, கண்ணுக்குப் புலப்படாத கோடும் இல்லை. வங்கியும் ஊர்வலமும் வேறு உருவில் இருக்கின்றன. படத்தைப் பார்த்து எழுதியிருந்தால் 'புடைப்பு' படத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும். ஒரே ஊற்றிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிந்தால்தான் இப்படி ஒற்றுமையும் வேற்றுமையும் கலந்து கிடக்கும்.

அந்த ஊற்று 1930-க்கும் முந்தியது என்பதற்கான சான்று, தோற்றுப்போன வேறொரு நாடகத்தில் கிடைக்கிறது.

1929 செப்டம்பர் 2 அன்று அதே ஷிஃப்பவர்டாம் அரங்கில் 'ஹேப்பி எண்ட்' அரங்கேறியது. மூன்று காசு நாடகத்தின் வெற்றியை மறுபடி அறுவடை செய்யும் முயற்சி. பாடல்கள் பிரெக்ட்–வைல். கதை 'டோரதி லேன்' என்ற பெயரில். அப்படி ஓர் எழுத்தாளர் இல்லை. அது ஹாப்ட்மனின் புனைபெயர். சிகாகோக் குண்டர்களும் இரட்சணிய சேனையும் மோதி, கடைசியில் கைகோக்கும் கதை. சில நாட்களிலேயே நாடகம் மடிந்தது. ஆனால் அதன் முடிவில், ஹெலெனே வைகல் நடித்த பாத்திரத்தின் வாயில் ஒரு பேச்சு வருகிறது. வங்கியில் கன்னம் வைப்பதையும் வங்கி தொடங்குவதையும் தராசில் வைத்து, எது பெரிய கொள்ளை என்று கேட்கும் பேச்சு. பிரெக்டின் வாசகர்கள் எல்லாரும் அதை அறிவார்கள். ஆனால் அது மெக்ஹீத்தின் பேச்சு என்றே அறிவார்கள். இன்று விற்கும் மூன்று காசு நாடகப் புத்தகத்தில், தூக்குக்குப் போகும் முன் அவன்தான் அதைப் பேசுகிறான்.

இங்கேதான் பதிப்புகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. 1928-இல் வெளியான நாடக உரையில் மெக்ஹீத்துக்கு அந்த வங்கிப் பேச்சு கிடையாது. ஷிஃப்பவர்டாமில் கைதட்டியவர்கள் அவன் வாயிலிருந்து அதைக் கேட்கவில்லை. அது இடம்பெறுவது 'ஃபெர்ஸூஹெ' மூன்றாம் இதழில், வழக்குக் கட்டுரையோடு சேர்ந்து வந்த திருத்திய உரையில். பின்னர் உலகெங்கும் மொழிபெயர்க்கப்பட்டதும் மேடையேறியதும் பெரும்பாலும் இந்தத் திருத்திய உரையே. படத்தை 'மூல நாடகத்தோடு' ஒப்பிட்டு மழுக்கல் என்று தீர்ப்புச் சொன்னவர்கள் பலர், படத்துக்குப் பின் கூர்தீட்டப்பட்ட உரையைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை அளந்திருக்கிறார்கள். அளவுகோலின் தேதியை யாரும் பார்க்கவில்லை. இது சிறு பிழையல்ல. பாப்ஸ்ட் மீதும் மூன்று திரைக்கதையாளர்கள் மீதும் பல பத்தாண்டுகள் நின்ற குற்றச்சாட்டின் ஒரு கால் இதன் மேல்தான் ஊன்றியிருக்கிறது.

காலவரிசையில் இன்னொரு திருத்தமும் தேவை. படத்தின் வங்கியை 1931-இன் ஜெர்மன் வங்கி நெருக்கடியோடு முடிச்சுப் போடுவது எளிது. டனாட் வங்கி கதவை மூடியது 1931 ஜூலை 13. படம் அதற்கு ஐந்து மாதம் முன்பே திரைக்கு வந்துவிட்டது. 'ஹேப்பி எண்ட்' பேச்சு, நியூயார்க் பங்குச்சந்தைச் சரிவுக்கும் ஏழெட்டு வாரம் முந்தியது. நெருக்கடியைப் பார்த்து எழுதியது அல்ல இந்த நையாண்டி.

இழப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. இழப்பு இசையில் இருக்கிறது. அதுவும் பெரிய இழப்பு. மேடையின் பாடல்களில் பலவற்றைப் படம் கைவிட்டது. லூசி என்ற பாத்திரமே இல்லாமல் போனதால், அவளும் பாலியும் பாடும் பொறாமைப் பாட்டும் போயிற்று. நிலைத்தவையும் இடம் மாறின. மெக்ஹீத்தும் பிரவுனும் திருமண விருந்தில் பாடும் பீரங்கிப் பாட்டு, படத்தில் கடைசியில் வருகிறது. பழைய பட்டாள நினைவை அவர்கள் வங்கியாளர்களாகப் பாடுகிறார்கள். இந்த இடமாற்றம் எனக்குச் சரியாகவே படுகிறது. கடற்கொள்ளைக்காரி ஜென்னியின் பாட்டு, 1928 மேடையில் திருமண விருந்தில் பாலி பாடியது. படத்தில் அது விலைமாதர் விடுதியில் இருக்கும் ஜென்னி என்ற பாத்திரத்துக்குப் போனது. பாடியவர் லோட்டே லென்யா. அந்தக் காட்சியின் வலிமையால், முதலிலிருந்தே அது லென்யாவின் பாட்டு என்று உலகம் நினைக்கத் தொடங்கியது. மேடையின் நினைவையே படம் மாற்றி எழுதிவிட்டது. வழக்கில் வென்ற வைலின் இசைதான் படத்தில் அதிகம் குறைக்கப்பட்டது என்பது, தீர்ப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவருக்கு உறுத்தாமல் போகாது.

படம் மேடையை மாற்றி எழுதியதற்கு இன்னொரு சான்று, எல்லாவற்றிலும் உறுதியானது. படத்தின் இறுதியில் நடிகர் எர்ன்ஸ்ட் புஷ் மோரிடாட் மெட்டில் பாடும் முடிவுக் கண்ணிகள் 1928 மேடையில் இல்லை. இருட்டில் இருப்பவர்களையும் வெளிச்சத்தில் இருப்பவர்களையும் பற்றிய அந்த வரிகளைப் பிரெக்ட் 1930-இல் இந்தப் படத்துக்காக எழுதினார். இன்று நாடகத்தை மேடையேற்றும் குழுக்கள் பல அவற்றையும் சேர்த்தே பாடுகின்றன. பிரெக்டின் புகழ்பெற்ற வரிகளில் அவை அடங்கும். யாரை எதிர்த்து அவர் நீதிமன்றம் போனாரோ, அவர்கள் எடுத்த படத்தின் கடைசி ஒலி அவருடைய சொற்கள்.

1933 ஆகஸ்டில் நாஜி அரசு படத்தைத் தடை செய்தது. தடையில் நையாண்டியின் எந்தப் பதிப்பு கூர்மையானது என்ற கேள்வி எழவில்லை. அடுத்த ஆண்டு, நாடு கடந்து வாழ்ந்த பிரெக்ட் ஆம்ஸ்டர்டாமில் 'மூன்று காசு நாவல்' வெளியிட்டார். அதில் மெக்ஹீத் கடைகளின் சங்கிலி ஒன்றை நடத்தி வங்கிக்குள் நுழைகிறான். 2018-இல் யோவாகிம் லாங் இயக்கிய படம், எடுக்கப்படாமல் போன 'புடைப்பு'வையும் வழக்கையும் ஒன்றாகப் பின்னியது. இரண்டிலும் வங்கி உண்டு.

வங்கியைக் கொண்டுவந்தவர் யார் என்ற கேள்விக்கு இப்போது இவ்வளவு சொல்லலாம். பாப்ஸ்ட் அல்ல. லானியாவும் அல்ல, அவர் வருவதற்கு ஓராண்டு முன்பே அது பிரெக்டின் வட்டத்தில் மேடையேறிவிட்டது. அதுவும் ஹாப்ட்மன் எழுதிய நாடகத்தின் உள்ளே. அரங்கேற்ற அவசரத்தில் அந்த ஒரு பேச்சில் யார் கை எவ்வளவு பட்டது என்று பிரித்து எடை போட வழியில்லை. கூட்டாக எழுதியவர்களின் மேசை அது. ஆனால் சான்றுகளின் வழியே பின்னோக்கி நடந்தால், 'ஃபெர்ஸூஹெ'வின் மெக்ஹீத், படத்தின் பாலி, 'புடைப்பு'வின் கார்கள் எல்லாவற்றுக்கும் முன்னால், 1929 செப்டம்பரில், டோரதி லேன் என்ற பெயருக்குப் பின்னால் நிற்பவர் அவர்தான். உரிமைத்தொகையில் எட்டில் ஒரு பங்கு பெற்றவர். வழக்கில் வாதிகள் பிரெக்ட், வைல் என இருவர்; திரைக்கதைக்குப் பெயர் மூன்று. இந்த ஐந்து பெயர்களில் அவருடையது இல்லை.

பிரெக்ட் 1956-இல் இறந்தபின், அவருடைய படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பிக்கும் வேலையை ஹாப்ட்மன் செய்தார். 1967-இல் ஸூர்காம்ப் வெளியிட்ட இருபது தொகுதிப் பதிப்பு அவர் ஒத்துழைப்போடு வந்தது. மூன்று காசு நாடகம் அதில் இருப்பது திருத்திய உரையாக. வங்கிப் பேச்சு, மெக்ஹீத்தின் வாயில், பிரெக்டின் பெயரின் கீழ்.